திரும்பி வரும் காற்று: பழைய கடல் வரைபடங்களும் அட்லாண்டிக் மாலுமிகளும்

கேள்வி இதுதான்: கொலம்பஸும் போர்ச்சுகீசிய மாலுமிகளும் அட்லாண்டிக்கில் இறங்கியபோது அவர்கள் கையில் உருப்படியான வரைபடம் இருந்ததா? இல்லையென்றால் கரையே தெரியாத கடலில் எதை நம்பிப் போனார்கள்? உதுமானியக் கடற்படைத் தலைவர் பிரி ரெய்ஸ் 1513-ல் வரைந்த படத்தைக் காட்டி, யாரோ முன்னோர் விட்டுச்சென்ற ரகசிய அறிவு என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

வரைபடம் இருந்தது, நல்ல வரைபடமும் இருந்தது. ஆனால் மத்தியதரைக் கடலுக்கும் அதை ஒட்டிய கரைகளுக்கும்தான் அதை நம்பலாம். அட்லாண்டிக்கின் நடுப்பகுதிக்கு வந்தால் பாதி கேள்விப்பட்ட கதை. அந்த மாலுமிகளை உயிரோடு ஊர் சேர்த்ததில் தோலில் வரைந்த கோடுகளைவிடப் பெரிய பங்கு, காற்று எங்கே எப்படி வீசும் என்ற பட்டறிவுக்கு உண்டு. குறிப்பாக, திரும்பி வருவதற்கான காற்று எங்கே கிடைக்கும் என்பது. பாய்க்கப்பல் காலத்தில் தெற்கே போவது பெரிய காரியமே இல்லை, காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்புவதில்தான் எல்லாம் இருந்தது.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியத் துறைமுகங்களிலும், கொஞ்சம் பிந்தி மயோர்க்கா தீவிலும், ஒரு புதுவகைக் கடல் வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. போர்ட்டோலான் வரைபடம் என்று அதைச் சொல்வார்கள். இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது ‘கார்ட்டா பிசானா’. 1275-க்கும் 1300-க்கும் இடையில் வரைந்தது என்று கணிக்கிறார்கள். பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஒரு முழு ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ பதப்படுத்தி, அதன் மேல் மையால் வரைவார்கள். விலங்கின் கழுத்துப் பகுதியைக்கூடப் பல வரைபடங்களில் வெட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள். துறைமுகப் பெயர்கள் எல்லாம் கரைக்குச் செங்குத்தாக, நிலத்தின் பக்கம் எழுதியிருக்கும். கடல் பக்கம் காலியாக இருக்க வேண்டும், மாலுமிக்கு வேலை அங்கேதான். முக்கியமான துறைமுகம் சிவப்பு மையில், மற்றவை கறுப்பில். மணல்திட்டுக்குப் புள்ளிகள், பாறைக்குச் சின்னச் சிலுவைக் குறி. இதில் மேல் கீழ் என்று எதுவும் கிடையாது. கரையைத் தொடர்ந்து போகப் போக, தோலைச் சுற்றிச் சுற்றித் திருப்பித்தான் பெயர்களைப் படிக்க முடியும்.

கடல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். முதல் தடவை பார்ப்பவர்கள் இவற்றை அட்சரேகை, தீர்க்கரேகை என்று நினைத்துக்கொள்வார்கள். இவை காற்றுத் திசைக் கோடுகள். எட்டு முக்கியக் காற்றுகளுக்குக் கறுப்பு, அவற்றுக்கு இடைப்பட்ட எட்டுக்குப் பச்சை, அதற்கும் இடைப்பட்ட 16-க்குச் சிவப்பு. மொத்தம் 32 திசைகள். ஜெனோவாவிலிருந்து துனிஸுக்குப் போக வேண்டுமா? இரண்டு ஊருக்கும் நடுவே அளவுகோலை வைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு இணையாக ஓடும் திசைக்கோடு எது என்று கவராயத்தால் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்தால் எந்தத் திசை என்று சட்டென்று தெரிந்துவிடும். அப்புறம் ஓரத்தில் இருக்கும் அளவுக் கோட்டில் கவராயத்தை வைத்துத் தூரத்தை எண்ண வேண்டும். ஆடுகிற கப்பலில், மங்கிய விளக்கொளியில் செய்ய வேண்டிய வேலை என்பதால்தான் நிறத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

இவற்றின் துல்லியம் வியக்க வைக்கிறது. பண்டைய அறிஞர் தாலமி மத்தியதரைக் கடலின் நீளத்தை 62 பாகை என்று கொடுத்திருந்தார். உண்மையில் அது ஏறக்குறைய 42 பாகை. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தாலமியைத்தான் நம்பினார்கள். பள்ளிக்கூடப் பக்கம் போகாத மாலுமியின் தோல் வரைபடத்தில் கடல் சரியான நீளத்தில் கிடந்தது. கூடவே, கடல் முழுவதும் ஏறக்குறைய 10 பாகை ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். அக்காலத்தில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து அந்த அளவு விலகி நின்றது. ஊசி காட்டியதை வடக்கு என்று எடுத்துக்கொண்டு வரைந்ததால் ஊசியின் விலகலும் படத்தில் பதிந்துவிட்டது. ஊசியை வைத்து வரைந்த படமும் ஊசியை வைத்து ஓட்டிய கப்பலும் ஒரே பிழையைச் செய்ததால் மத்தியதரைக் கடலில் யாருக்கும் பாதிப்பில்லை.

ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டினால் கதை மாறுகிறது. 1291-ல் ஜெனோவாவைச் சேர்ந்த விவால்டி சகோதரர்கள், உகோலினோவும் வடீனோவும், கடல் வழியாக இந்தியா போகிறோம் என்று இரண்டு கப்பல்களில் நீரிணையைக் கடந்து போனார்கள். திரும்பவே இல்லை. 1339-ல் ஆஞ்செலினோ டுல்செர்ட் மயோர்க்காவில் வரைந்த படத்தில், கேனரி தீவுகளில் ஒன்றான லான்சரோட்டே ஜெனோவாவின் சின்னத்தோடு முதல் முறையாக இடம்பெறுகிறது. லான்சரோட்டோ மலோசெல்லோ என்ற ஜெனோவாக்காரரின் பெயர்தான் அந்தத் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. 1375-ஆம் ஆண்டின் கட்டலான் அட்லஸில் கேனரி தீவுகளுக்குக் கீழே ஒரு கப்பலும் ஒரு குறிப்பும் உண்டு: ஜாவ்மே ஃபெரர் 1346 ஆகஸ்ட் 10 அன்று தங்க ஆற்றைத் தேடிப் புறப்பட்டார் என்று. புறப்பட்ட செய்தி மட்டும்தான் இருக்கிறது. வந்த செய்தி இல்லை. அதே அட்லஸில் ஆப்பிரிக்காவின் உள்ளே மாலி மன்னர் மன்சா மூசா கையில் தங்கக் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். ஐரோப்பியர்கள் தெற்கே போகத் துடித்ததற்குக் காரணம் அந்தத் தங்கம்.

கட்டலான் அட்லஸை வரைந்தவர் பால்மா நகரத்து யூதரான ஆப்ரகாம் கிரெஸ்க்கஸ் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அரபு நூல்களையும் வட ஆப்பிரிக்க வணிகர்களின் செய்திகளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்த்த பாலமாக மயோர்க்கா யூதர்கள் இருந்தார்கள். அவருடைய மகன் ஜஃபுடா, 1391-ல் யூதர்கள் மேல் நடந்த கொலைவெறித் தாக்குதலுக்குப் பிறகு மதம் மாறி ஜாவ்மே ரிபெஸ் என்ற பெயரில் வாழ வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் கடலோட்டப் பெருமையைப் பேசும் பல நூல்கள் இந்த மனிதர்களை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொரு மயோர்க்கா வரைபடத்தையும் சொல்ல வேண்டும். 1439-ல் கேப்ரியல் டி வல்செக்கா வரைந்தது. இப்போது பார்சிலோனா கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், இதற்கு அமெரிகோ வெஸ்பூச்சி 130 தங்க டூகாட் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. ஆம், அமெரிக்கா என்ற பெயருக்குக் காரணமான அதே வெஸ்பூச்சி. 1838-39 குளிர்காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் மயோர்க்கா வந்திருந்தபோது, ஒரு பிரபுவின் வீட்டில் இதை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். சுருட்டியே வைத்த தோல் விரிந்து நிற்காது. ஓரத்தில் பாரமாக மை நிறைந்த மைக்கூட்டை வைத்தார்கள். தோல் சுருண்டது, மைக்கூடு கவிழ்ந்தது. கறை இன்றும் இருக்கிறது. அசோரஸ் தீவுகளை போர்ச்சுகல் மன்னரின் மாலுமி ஒருவர் கண்டுபிடித்தார் என்ற குறிப்பு இந்தப் படத்தில்தான் வருகிறது. பெயரும் ஆண்டும் தெளிவாக இல்லாமல் வெகுகாலம் சர்ச்சை நடந்தது. டியோகோ டி சில்வெஸ், 1427 என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு.

சரி, காற்றுக்கு வருவோம். மொராக்கோவின் தெற்கே, 26 பாகை வடக்கில் பொஜாடோர் முனை இருக்கிறது. போர்ச்சுகீசிய இளவரசர் ஹென்ரிக் பல ஆண்டுகள் ஆட்களை அனுப்பியும் யாரும் அதைத் தாண்டவில்லை. கடல் கொதிக்கும், பூதம் விழுங்கும் என்று பயந்தார்கள் என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அக்கால வரலாற்றாசிரியர் சுராரா எழுதியிருப்பதைப் பார்த்தால் மாலுமிகளின் பயம் வேறுவகை. முனைக்கு அப்பால் மனித நடமாட்டமே கிடையாது. கரையிலிருந்து ஒரு லீக், அதாவது ஏறக்குறைய 6 கிலோமீட்டர், தள்ளிப் போனாலும் ஆழம் ஓர் ஆள் மட்டம்தான். நீரோட்டம் எவ்வளவு வலுவென்றால் தாண்டிய கப்பல் திரும்பவே முடியாது. இதில் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். அது மூடநம்பிக்கை இல்லை, தொழில் தெரிந்தவனின் கணக்கு. அந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி வடகிழக்குக் காற்று வீசுகிறது. கேனரி நீரோட்டமும் தெற்கு நோக்கியே ஓடுகிறது. போகும்போது இரண்டும் துணை, வரும்போது இரண்டும் பகை.

1434-ல் லாகோஸ் நகரத்து கில் ஏனெஸ் முனையைத் தாண்டினார். முந்தைய ஆண்டு முயன்று கேனரி தீவுகள்வரை மட்டுமே போய்த் திரும்பியவர்தான் அவர். மறுபக்கம் போய்வந்ததற்கு அடையாளமாக ஒரு செடியைப் பிடுங்கிவந்து இளவரசரிடம் கொடுத்தார். சாண்டா மரியா ரோஜா என்று போர்ச்சுகலில் அழைக்கப்பட்ட செடி அது. அடுத்த பத்தே ஆண்டுகளில், 1444-ல், அதே லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கிப் பங்கு பிரித்தார்கள். அதையும் எழுதிவைத்தவர் சுராராதான். இந்தக் கடல்வழி அறிவின் முதல் பெரிய விளைவு அதுதான். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

முனையைத் தாண்டியவர்கள் எப்படித் திரும்பினார்கள்? ஆரம்பத்தில் கரையை ஒட்டியே காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறினார்கள். கேரவெல் என்ற கப்பலின் முக்கோணப் பாய் அதற்கு உதவியது. இருந்தாலும் அது ஆளை முறிக்கும் வேலை. தெற்கே போகப் போகத் தண்ணீரும் உணவும் அதற்குத் தாங்காது. அப்போதுதான் ஒரு வழக்கம் உருவாகிறது. யார் முதலில் செய்தார் என்று பெயர் பதிவாகவில்லை. பல கப்பல்கள் பல முறை செய்து செய்து பழகியது. ஊர் வடகிழக்கே இருக்க, கப்பலை வடமேற்கே திருப்பிக் கரையை விட்டு நடுக்கடலுக்குள் போவது! வடகிழக்குக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு, நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், வீட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அசோரஸ் தீவுகளின் மட்டத்துக்கு ஏறிவிட்டால் காற்று மாறும். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வீசும். பாயை விரித்தால் நேரே லிஸ்பன். வோல்ட்டா டோ மார் என்று இதற்குப் பெயர், கடல்வழித் திருப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். லிஸ்பனுக்கு மேற்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் அசோரஸ் அவ்வளவு முக்கியமான தங்குமிடம் ஆனதற்கும் இந்த வழிதான் காரணம்.

இன்று நமக்கு விளக்கம் தெரியும். அசோரஸ் பக்கம் நிலைத்திருக்கும் உயர் காற்றழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் சுழல்கிறது. தெற்கு விளிம்பில் கிழக்கிலிருந்து மேற்கே, வடக்கு விளிம்பில் மேற்கிலிருந்து கிழக்கே. அந்த மாலுமிகளுக்குக் காற்றழுத்தம் என்ற எண்ணமே கிடையாது. அந்தச் சுழற்சியின் கிழக்கு ஓரத்தில் போய்வந்தே அதன் போக்கைப் பிடித்துவிட்டார்கள்.

கொலம்பஸ் இந்த உலகத்தில் ஊறியவர். மதேய்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட்டோ சாண்டோ தீவின் முதல் அதிகாரி பெரெஸ்ட்ரெல்லோவின் மகளைத்தான் மணந்தார். மாமனாரின் காகிதங்களும் வரைபடங்களும் மாமியார் மூலம் அவர் கைக்கு வந்தன என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். தம்பி பார்த்தொலோமேயோ லிஸ்பனில் கடல் வரைபடம் வரைபவர். கொலம்பஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரைவரை போய்வந்தவர், அதாவது வோல்ட்டாவை உடம்பால் அறிந்தவர். 1492-ல் அவர் செய்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு நேரே மேற்கே போகவில்லை. தெற்கே கேனரிக்கு இறங்கினார். அங்கே நீன்யா கப்பலின் முக்கோணப் பாய்களைக் கழற்றிச் சதுரப் பாய் கட்டினார். சதுரப் பாய் பின்னாலிருந்து வரும் காற்றுக்கானது. போகும் வழி முழுக்கக் காற்று முதுகில்தான் அடிக்கும் என்று தெரிந்தவர்தான் அப்படிச் செய்வார். செப்டம்பர் 6 அன்று கோமேராவை விட்டார், அக்டோபர் 12 அன்று கரை கண்டார். 1493 ஜனவரியில் திரும்பும்போது, வந்த வழியே வராமல் வடகிழக்கே ஏறி, மேற்குக் காற்றைப் பிடித்து, அசோரஸ் வழியாக வந்தார். அட்லாண்டிக்கின் காற்றுச் சக்கரத்தை ஒரே பயணத்தில் முழுதாகச் சுற்றி வந்துவிட்டார். என் பார்வையில் அவருடைய மேதைமை இதில்தான் இருக்கிறது.

பூமியின் அளவில் அவர் தவறினார் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்ற அரபு வானியலாளர் அல்ஃபர்கானியின் கணக்கை எடுத்தார். அது நீளமான அரபு மைல். அதைக் குட்டையான இத்தாலிய மைலாகக் கொண்டதில் பூமி சுருங்கிவிட்டது. கேனரியிலிருந்து ஜப்பான் 2,400 கடல் மைல்தான் என்று வந்தது. உண்மையில் 10,000-க்கும் மேல். அவரை எதிர்த்த அறிஞர்கள் பூமி தட்டை என்று சொல்லவில்லை. தூரம் அதிகம் என்றார்கள், சரியாகவே சொன்னார்கள்.

அவர் கையில் இருந்த வரைபடம் எப்படிப்பட்டது என்று கேட்டீர்கள். அவருடைய நாட்குறிப்பின் சுருக்கத்தில் 1492 செப்டம்பர் 25-ஆம் நாள் பதிவைப் பாருங்கள். மூன்று நாளைக்கு முன் கொலம்பஸ் ஒரு வரைபடத்தை பின்டா கப்பலில் இருந்த மார்ட்டின் அலோன்சோ பின்சோனுக்கு அனுப்பியிருந்தார். அதில் இந்தக் கடலில் சில தீவுகள் வரைந்திருந்தன. கணக்குப்படி கப்பல்கள் இந்நேரம் அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றையும் காணோம். நீரோட்டம் நம்மை வடகிழக்கே தள்ளியிருக்கும், மாலுமிகள் சொல்லும் அளவுக்கு நாம் வந்திருக்கவும் மாட்டோம் என்கிறார் கொலம்பஸ். படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்ல, பின்சோன் அதைக் கயிற்றில் கட்டி அனுப்புகிறார். கொலம்பஸ் தம் மாலுமிகளோடு உட்கார்ந்து அதில் கப்பலின் இடத்தைக் குறிக்கிறார். அன்று மாலையே பின்சோன் “கரை, கரை!” என்று கூவுகிறார். மறுநாள் பார்த்தால் அது மேகம்.

அந்தத் தீவுகள் கற்பனைத் தீவுகள். 1424-ல் வெனிஸின் சுவானே பிட்சிகானோ வரைந்த படத்திலேயே அட்லாண்டிக்கின் மேற்கில் அன்டிலியா என்று நீள்சதுரமாக ஒரு பெரிய தீவு இருக்கிறது. அரபுப் படையெடுப்புக்குத் தப்பிய ஏழு ஆயர்கள் அங்கே ஏழு நகரங்கள் கட்டினார்கள் என்பது கதை. கரீபியத் தீவுகளுக்கு அன்டிலீஸ் என்ற பெயர் வந்தது இதிலிருந்துதான். கொலம்பஸுக்கு முன்பே யாரோ அமெரிக்காவைப் பார்த்ததற்கு இதுவே சான்று என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பார்த்து வரைந்த கரைக்கும் கேட்டு வரைந்த கரைக்கும் வித்தியாசம் உண்டு. அன்டிலியாவின் கரையில் ஒரே அளவில் ஒரே மாதிரி விரிகுடாக்கள் வரிசையாக இருக்கின்றன. எந்த உண்மையான கரையும் அப்படி இருக்காது. அயர்லாந்துக்கு மேற்கே பிரசில் என்று இன்னொரு தீவு, ஏறக்குறைய முழு வட்டமாக. பிரிஸ்டல் துறைமுகத்தார் அதைத் தேடியே 1480-ல் கப்பல் அனுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டுவரை சில வரைபடங்களில் அது பாறையாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொய்த் தீவை வரைபடத்திலிருந்து எடுப்பது எளிதல்ல. அங்கே பாறை இல்லை என்று உறுதியாகச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? இருந்து கப்பல் மோதினால்?

நடுக்கடலில் இடத்தைக் கணிப்பது எப்படி? திசை, வேகம், நேரம். திசை காந்த ஊசியில். நேரம் அரைமணி மணற்கடிகையில். மணல் தீர்ந்ததும் கப்பல் பையன் திருப்பி வைப்பான். அவன் கண்ணயர்ந்தால் கணக்கு போச்சு. வேகத்துக்குக் கருவியே கிடையாது. நுரை பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்து அனுபவத்தில் சொல்வதுதான். நேர்வழியில் போக முடியாமல் விலகினால் எவ்வளவு தூரம் ஈடுகட்ட வேண்டும் என்பதற்கு மார்டெலோயோ என்ற அட்டவணை இருந்தது. வெனிஸின் ஆண்ட்ரேயா பியாங்கோ 1436-ல் தம் அட்லஸில் அதைக் கொடுத்திருக்கிறார். கோண கணிதத்தைப் பெருக்கல் வாய்ப்பாடு அளவுக்கு எளிதாக்கித் தந்த ஒன்று. கரை நெருங்கினால் ஈயக்குண்டு. அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். ஆழமும் தெரியும், கொழுப்பில் ஒட்டிவரும் மணலையோ சேற்றையோ வைத்து எந்தக் கரை என்றும் தெரியும்.

இப்படிக் கணிப்பதில் கொலம்பஸ் கெட்டிக்காரர். திரும்பும் வழியில் 1493 பிப்ரவரி 10 அன்று நீன்யாவில் மாலுமிகள் எல்லோரும் படத்தில் இடம் குறித்தார்கள். மற்றவர்கள் அசோரஸைத் தாண்டி ஸ்பெயினை நெருங்கிவிட்டதாகக் குறித்தார்கள். கொலம்பஸ் அவர்களுக்கு 150 லீக் பின்னால் குறித்தார். சில நாட்களில் எதிரே வந்தது அசோரஸின் சாண்டா மரியா தீவு. ஆனால் அதே கொலம்பஸ் கியூபாவில் நட்சத்திர உயரம் அளந்து 42 பாகை வடக்கு என்று எழுதினார். உண்மை 21. வானத்தை அளப்பது அப்போது அவ்வளவு கத்துக்குட்டி நிலையில்தான் இருந்தது.

வானத்தை அளப்பதில் முந்தியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1460-ஐ ஒட்டி கினியா பக்கம் போன டியோகோ கோமெஸ், தாம் குவாட்ரன்ட் கருவி எடுத்துப் போனதையும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அதன் பலகையிலேயே குறித்ததையும் சொல்லியிருக்கிறார். கால்வட்டத் தகடு, அதில் ஒரு தூக்குக்குண்டு நூல். நட்சத்திரத்தை ஓரத்தின் வழியே பார்த்தால் நூல் எந்த இடத்தில் விழுகிறதோ அதுதான் உயரம். கணக்குத் தெரியாத மாலுமிக்கும் இது போதும். நூல் லிஸ்பனில் விழும் இடத்தில் ஒரு கோடு கீறிவைத்தால், திரும்பும்போது நூல் அந்தக் கோட்டுக்கு வரும்வரை வடக்கே ஏறி, அப்புறம் கிழக்கே திரும்பினால் ஊர்.

தெற்கே போகப் போக துருவ நட்சத்திரம் தாழ்கிறது. 1470-களில் நிலநடுக்கோட்டைத் தாண்டினார்கள், அங்கே அது அடிவானத்தில் மறைந்தேவிட்டது. இனிச் சூரியன்தான். ஆனால் நண்பகல் சூரியனின் உயரம் நாளுக்கு நாள் மாறும். அந்த மாற்றத்தின் அட்டவணை இல்லாமல் இடத்தைச் சொல்ல முடியாது. 1485-ல் மன்னர் இரண்டாம் ஜொவாவ் தம் வானியலாளர் ஜொசே விசின்யோவை கினியாவுக்கே அனுப்பிச் சூரிய உயரம் அளக்கச் செய்தார். அந்த அட்டவணைக்கு அடிப்படை, சாலமங்காவின் ஆப்ரகாம் சக்குட்டோ என்ற யூத அறிஞர் போட்ட கணக்கு. 1492-ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது அவர் போர்ச்சுகலுக்கு வந்தார். 1496-ல் லெய்ரியா ஊரில் அவருடைய அட்டவணைகள் அச்சாயின. சில மாதங்களிலேயே போர்ச்சுகலும் யூதர்களை மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்றது. அவர் துனிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் கணக்கை வைத்துக்கொண்டு கப்பல்கள் இந்தியாவுக்கு வந்தன.

ஆடும் கப்பலில் இந்த அளவுகள் எவ்வளவு நம்பகமானவை? 1500 மே 1 அன்று பிரேசில் கரையிலிருந்து மேஸ்த்ரே ஜொவாவ் என்பவர் மன்னருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கரையில் இறங்கிச் சூரியனை அளந்ததில் 17 பாகை வந்தது என்கிறார். உண்மைக்கு ஒரு பாகைக்குள்தான் பிழை. கடலிலோ, கப்பல் கொஞ்சம் ஆடினாலே நான்கைந்து பாகை தவறிவிடுகிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அதே கடிதத்தில் ‘இந்தியாவின் பலகைகள்’ என்று ஒரு கருவியைச் சொல்கிறார். இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் நட்சத்திர உயரத்தை அளக்க முடிச்சுக் கயிற்றோடு பயன்படுத்திய கமால் பலகைதான் அது. வாஸ்கோ ட காமா திரும்பிய மறு ஆண்டே அது போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறியிருக்கிறது. 2014-ல் ஓமன் கரையில், 1503-ல் மூழ்கிய எஸ்மெரால்டா கப்பலின் சிதைவிலிருந்து, சூரியனின் உயரத்தை அளக்கும் வட்டக் கருவியான கடலோட்ட அஸ்ட்ரோலேப் ஒன்றை எடுத்தார்கள். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது. குறுக்களவு 17.5 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது.

தெற்கு அட்லாண்டிக்கில் வாஸ்கோ ட காமா செய்ததுதான் இந்த அறிவின் உச்சம். 1497 ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டியின் சாண்டியாகோ தீவை விட்டவர், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டாமல் தென்மேற்கே பெரிய வளைவாக நடுக்கடலுக்குள் போய், மேற்குக் காற்றைப் பிடித்துத் திரும்பினார். நவம்பர் 4 அன்றுதான் கரையைப் பார்த்தார், நன்னம்பிக்கை முனைக்குக் கொஞ்சம் வடக்கே. மூன்று மாதம் கரையே இல்லை. கொலம்பஸுக்கு அது ஐந்து வாரம்தான். வடக்கில் கற்ற வோல்ட்டாவைத் தெற்கில் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். 1488-ல் முனையைச் சுற்றிய பார்த்தொலொமேயு டியஸ், கரையை விட்டு விலகித் தெற்கே போய்க் கிழக்கே திரும்பியபோதே பாதி விடை கிடைத்திருந்தது.

இதெல்லாம் வரைபடத்தில் ஏறியது பின்னால்தான். 1502-ல் இத்தாலியின் ஃபெராரா கோமகனுக்காக ஆல்பெர்ட்டோ கான்ட்டினோ என்பவர் லிஸ்பனில் 12 தங்க டூகாட் கொடுத்து ஓர் உலகப் படத்தை வரையவைத்து ரகசியமாகக் கொண்டுபோனார். ஆப்பிரிக்கா ஏறக்குறைய இன்றைய வடிவில் இருக்கிறது. பிரேசில் கரையில் கிளிகள். நம் தீபகற்பம் முனை நீண்ட முக்கோணமாகத் தெரியும் முதல் ஐரோப்பிய வரைபடங்களில் இது ஒன்று. தாலமியைப் பின்பற்றிய படங்களில் இந்தியா சப்பையாகக் கிடக்கும், இலங்கை பூதாகரமாக இருக்கும். 1859 கலவரத்தில் மோடெனா அரண்மனையிலிருந்து கொள்ளைபோன இந்தப் படம், ஓர் இறைச்சிக் கடையில் மறைப்புத் திரையாக நின்றுகொண்டிருந்தபோது ஜுசெப்பே போனி என்ற நூலகர் கண்டு மீட்டார். இப்போது மோடெனாவின் எஸ்டென்சே நூலகத்தில் இருக்கிறது.

கடைசியாக பிரி ரெய்ஸ். உதுமானியக் கடற்படைத் தலைவரான அவர் 1513-ல் கலிபோலியில் வரைந்த படத்தின் ஒரு பகுதிதான் 1929-ல் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் கிடைத்தது. பனியில்லாத அன்டார்க்டிகாவை அதில் வரைந்திருக்கிறார், எனவே தொலைந்துபோன நாகரிகத்தின் அறிவு என்று கிளப்பிவிட்டார்கள். எதை வைத்து வரைந்தேன் என்று அவரே படத்தில் எழுதிவைத்திருக்கிறார்: ஏறக்குறைய இருபது வரைபடங்கள், அவற்றில் போர்ச்சுகீசியர்களுடையவை நான்கு, கொலம்பஸ் வரைந்தது ஒன்று. கொலம்பஸோடு மூன்று தடவை போய்வந்த ஸ்பானியக் கைதி ஒருவர் சொன்ன செய்திகளும் உண்டு. ரகசியம் ஒன்றுமில்லை, நல்ல தொகுப்பு வேலை. எதிரி நாட்டுச் செய்திகளை இவ்வளவு சீக்கிரம் திரட்டியதே பெரிய சாதனை. தெற்கே தென் அமெரிக்கக் கரை கிழக்கே வளைவதைத்தான் அன்டார்க்டிகா என்கிறார்கள். அந்த வளைவின் பக்கத்திலேயே அவருடைய குறிப்பு இருக்கிறது: இந்த நிலம் பாழ்நிலம், பெரிய பாம்புகள் உண்டாம், கடும் வெப்பமாம், அதனால் போர்ச்சுகீசியர்கள் இங்கே இறங்கவில்லை. பாம்பும் வெப்பமும் உள்ள இடத்தை அன்டார்க்டிகா என்று சொல்ல வழியில்லை. அங்கே பனி மூடிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன.